மகளோடு உட்கார்ந்து பள்ளிக்காதல் படம் பார்க்கும்போது அந்த இடம் வந்தால் ரிமோட்டை எடுப்பீர்களா?

திருச்சிக்காரி கேட்டது:

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நானும் என் மகளும் 'காதல்' படம் பார்த்தோம். 2004இல் அந்தப் படம் வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஹாஸ்டலிலிருந்து ஆறு பேர் சேர்ந்து போய்ப் பார்த்தோம். கடைசியில் கதாநாயகனைப் பைத்தியமாக ரோட்டில் பார்க்கும் இடத்தில் ஆறு பேருமே அழுதோம், பக்கத்தில் இருந்தவள் என் துப்பட்டாவைத்தான் இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு பிடித்த படம். அதனால் மகள் 'இதைப் பார்க்கலாமா' என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

அவள் இப்போது பத்தாவது. படம் ஓட ஓட எனக்கு என்னவோ செய்தது. படத்தில் அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற பெண் என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. அவளை நான் என் வயசுக்காரியாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தால் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருக்கும் என் பெண் மாதிரி இருக்கிறாள். பாட்டு வந்ததும் கை தானாக ரிமோட்டுக்குப் போய்விட்டது, பத்து பத்து செகண்டாகத் தள்ளினேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ தள்ளலன்னா நான் கவனிச்சிருக்கவே மாட்டேம்மா" என்றாள்.

அது கூடப் பரவாயில்லை. அவர்கள் சென்னைக்கு ஓடிப்போய், மேன்ஷனில் இருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள் இல்லையா, அங்கே கேட்டாள்: "அவளுக்கு பதினெட்டு ஆகலயே. இத்தனை பெரியவங்க இருக்காங்க, ஒருத்தர் கூட அதைச் சொல்லலயே. எங்க ஸ்கூல் சுவத்துல 1098னு குழந்தைங்க ஹெல்ப்லைன் நம்பர் எழுதிப் போட்டிருக்கே, அது அப்ப இல்லையா?" எனக்குப் பதில் வரவில்லை. நான் அந்த இடத்தில் தியேட்டரில் விசில் அடித்தவர்களோடு சேர்ந்து கைதட்டினவள்.

சண்டைக் காட்சியில் அரிவாளால் வெட்டி ரத்தம் தெறிப்பதை நான் ஒருநாளும் தள்ளிவிட்டதில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்தால் தள்ளுகிறேன். இது சரியா? தள்ளாமல் விட்டால் அப்புறம் என்ன பேசுவது? பதினைந்து வயதுப் பெண் பிள்ளை, ஆண் பிள்ளை வைத்திருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சினிமாவே கெடுக்கிறது, டிவியை உடை என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

மூணுபெண்ணுக்கு_அப்பா எழுதியது:

தள்ளிவிடுவதுதான் சிஸ்டர். எங்கள் அப்பா அந்த மாதிரி இடம் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார், முடிந்ததும் வருவார். அதனால் நாங்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு கூச்சம் இருப்பது நல்லதுதான், எல்லாவற்றையும் பேசியே தீர வேண்டும் என்பது இப்போது வந்த பழக்கம். யு/ஏ 13+, 16+ என்று வயசு போட்டே சான்றிதழ் தருகிறார்கள் இப்போது, அதைப் பார்த்து சின்னவளை உள்ளே அனுப்புகிறேன். போதும்.

சயின்ஸ்_டீச்சர் எழுதியது:

புதுக்கோட்டைப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், பதினேழு வருடமாக. இந்தக் கேள்வி எனக்கு வாராவாரம் வேறு வேறு உருவத்தில் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் இருக்கிறது. குரல் உடைவது, மாதவிடாய், ஹார்மோன் எல்லாம் அதில் உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம். படம் வரைந்து பாகங்களைக் குறி என்று கேள்வி கேட்கலாம், பிள்ளைகளும் அழகாக வரைந்துவிடுவார்கள். ஆனால் ஒரு பையன் பின்னாலேயே வருகிறான், அவனிடம் என்ன சொல்வது, பிடித்திருந்தால் என்ன சொல்வது, பாதி பிடித்து பாதி பயமாக இருந்தால் என்ன சொல்வது, இதெல்லாம் எந்தப் பாடத்திலும் கிடையாது. அந்த இடம் காலியாகக் கிடந்தது, சினிமா வந்து உட்கார்ந்துகொண்டது.

வகுப்பில் ஒரு காலி சாக்பீஸ் டப்பா வைத்திருக்கிறேன். பெயர் போடாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிரிப்பேன். இரண்டு வருடம் முன்னால் ஒரு சீட்டு வந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளை எட்டாக மடித்து மடித்து ஒரு மாத்திரை அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். பச்சை மை. "மிஸ் அவன் கைய புடிச்சான். நான் கைய எடுக்கல. எடுக்கலன்னா சரின்னு அர்த்தமா?" அவ்வளவுதான். எடுக்கலன்னா என்ற சொல்லை ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதியிருந்தாள். அதை இன்னும் என் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள், இந்தக் கேள்விக்கு நம் படங்கள் நாற்பது ஐம்பது வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. அவள் கையை எடுக்கவில்லை, குனிந்துகொண்டாள், உடனே பாட்டு. வேண்டாம் என்றாள், அவன் சிரித்தான், உடனே பாட்டு. இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசுகிற இடம்தான் எப்போதும் வெட்டப்பட்டிருக்கிறது. முத்தத்தை மறைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள், அதுதான் என் ஆதங்கம்.

நான் வகுப்பில் ஒரு தடவை '96' படத்தின் பள்ளிக்கூடப் பகுதியைப் பற்றிப் பேசவிட்டேன். எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து, "ராம் தொடவே மாட்டான் மிஸ், அதனாலதான் அவன் நல்லவன்" என்றாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "தொட்டது ஜானுதான் மிஸ், அவன் மயங்கியில்ல விழுந்தான்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் ரசித்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் எனக்கு வேறொன்று தோன்றியது. தொடாதவன் நல்லவன் என்றால், தொடப்பட்டவள் என்ன ஆகிறாள்? பச்சை மைச் சீட்டு எழுதிய பிள்ளை அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தாள், எந்த பெஞ்சில் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் போய் அதைத்தான் பேசினேன். பயத்தில் கை எடுக்காமல் இருப்பதும் உண்டு, பிடித்து எடுக்காமல் இருப்பதும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் வாயால் கேட்டால்தான் தெரியும் என்று சொன்னேன். அந்தப் பின் பெஞ்ச் பையன் எதுவும் சொல்லவில்லை, ஆனால் கவனித்தான்.

திருச்சி அக்கா, நீங்கள் தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் அவள் பார்த்துவிடுவாள். நிறுத்துங்கள் என்பேன். பாஸ் பட்டனை அமுக்கிவிட்டு, "இப்ப இவன் இவகிட்ட கேட்டானா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம்.

ஓய்வுபெற்றவன்62 எழுதியது:

டீச்சர் அம்மா சொன்னது நியாயம். ஆனால் மழையையும் பூவையும் காட்டியது எல்லாமே மறைப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்தது, அதே வருடம் 'பன்னீர் புஷ்பங்கள்' வந்தது, இரண்டுமே இளையராஜா. எனக்குப் பதினெட்டு வயது. அந்தப் பாட்டுகள் சொன்னதை இன்றைக்குப் படுக்கையைக் காட்டுகிற எந்தப் படமும் சொல்லவில்லை. தொட்டுக்கொள்ளாமல் இருப்பதும் ஒரு மொழிதான், அதை இழந்துவிடக் கூடாது என்று நினைக்கிறவன் நான்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் என் தங்கை பத்தாவது. எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு 'அலைகள் ஓய்வதில்லை' வந்த பிறகு, ஒரு பையன் அவள் சைக்கிளுக்குப் பின்னால் வர ஆரம்பித்தான். ஒருநாள் அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் ஒரு கடுதாசி இருந்தது. சினிமாப் பாட்டு வரிகளை எழுதி, கீழே அவன் பெயர். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, காம்பஸை எடுக்கப் போன என் அப்பாதான் பார்த்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது. பத்தாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தப் பையன் பரீட்சை எழுதினான், பாஸானான், வேலைக்குப் போனான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நானே அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தவன், கதாநாயகன் பக்கம்தான் என் மனசு முழுக்க இருந்தது.

அந்தப் படத்தின் முடிவு தெரியும்தானே, பூணூலை அறுத்து, சிலுவையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பேரும் போவார்கள். எவ்வளவு பெரிய விஷயம் அது, இன்றைக்கும் எடுக்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் அவர்கள் எங்கே போனார்கள், அந்தப் பெண் அப்புறம் படித்தாளா என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டில் தங்கை மாடு கறந்துகொண்டு இருந்தாள், அப்போதும் தோன்றவில்லை. இன்றைக்கும் ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் அவள் அடுப்படியிலிருந்து கூடவே பாடுவாள். ஒரு வார்த்தை பிசகாமல் பாடுவாள்.

உதவிஇயக்குநர்_வளசை எழுதியது:

சினிமாவுக்கு உள்ளே இருந்து ஒருவன் பேசலாமா? ஒன்பது வருடமாக உதவி இயக்குநர்.

டீச்சர் சொன்ன அந்த வெட்டு எங்கே விழுகிறது என்று சொல்கிறேன். பேப்பரிலேயே விழுகிறது. ஸ்கிரிப்டில் 'இருவரும் நெருங்குகிறார்கள். மழை. கட் டு சாங்' என்று இருக்கும். என்ன நெருக்கம், யார் முதலில், யார் என்ன சொன்னார்கள், ஒன்றும் இருக்காது. அது டான்ஸ் மாஸ்டர் கைக்குப் போய்விடும். மாஸ்டர் லொகேஷனில் வந்து, உதவியாளரை வைத்துச் செய்து காட்டுவார்: கை இங்கே, இடுப்பு இப்படி, நாலு கவுண்டில் திரும்பி முகம் பக்கத்தில். ஹீரோயினுக்கு அது தெரிவது அந்த நிமிஷம்தான்.

நான் வேலை பார்த்த ஒரு படம். பெயர் வேண்டாம். ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணாக ஒரு புதுமுகம், நிஜத்தில் பத்தொன்பது வயது. அவளுடைய அம்மா குடைக்குக் கீழே ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஷாட்டுக்கு நடுவில் அந்தப் பெண் என்னிடம் வந்து, "அண்ணா, கதை சொன்னப்ப இது இருக்குன்னு சொல்லலயே" என்றாள். நான் போய் டைரக்டரிடம் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, "பாட்டுதானேப்பா" என்றார். ஏழு டேக் போனது. ஒவ்வொரு டேக்கிலும் அவன் கை பட்டதும் அவள் இடது தோள் ஒரு இஞ்ச் மேலே ஏறும், மானிட்டரில் பார்த்தால் தெரியும். கடைசி டேக்கிலும் ஏறியது, அதைத்தான் ஓகே செய்தோம். படம் வந்த பிறகு யூடியூபில் அந்தப் பாட்டுக்குக் கீழே 'அந்த வெட்கம் இருக்கே, சூப்பர்' என்று வரிசையாக கமெண்ட் போட்டிருந்தார்கள். அது வெட்கம் இல்லை. நான் பக்கத்தில் நின்றவன், எனக்குத் தெரியும். அதைப் பார்த்து எத்தனை பையன்கள் வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு ஆள் வைக்கிறார்கள், இன்டிமசி கோஆர்டினேட்டர் என்று. 2018 வாக்கில் எச்பிஓ தன் தொடர்களில் வைக்க ஆரம்பித்தது, 2020இல் அமெரிக்க நடிகர் சங்கம் அதற்கு வழிமுறையே வெளியிட்டது. இந்தியாவில் மும்பையில் சிலர் செய்கிறார்கள். வேலை ரொம்ப சாதாரணமானது: என்ன தொடுதல், எங்கே, எத்தனை நேரம் என்று முன்னாலேயே நடிகர்களிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குவது, ஒத்திகை பார்ப்பது, செட்டில் தேவையில்லாத ஆட்களை வெளியே அனுப்புவது, நிறுத்து என்றால் நிறுத்துவது. சண்டைக்கு மாஸ்டர் இருக்கிறார், கயிறு கட்டுகிறோம், மெத்தை போடுகிறோம். இதற்கு மெத்தை இல்லை.

சின்ன வயதில் நடித்தவர்களுக்கு அது எத்தனை வருடம் கூடவே வரும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1968இல் வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' ஆங்கிலப் படத்தில் நடித்த இரண்டு பேரும் அப்போது பதின்வயதில் இருந்தவர்கள். தங்களை அந்த வயதில் ஆடையில்லாமல் நடிக்க வைத்துவிட்டார்கள் என்று 2022 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து, எழுபது வயதுக்கு மேல். 2023இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டப்படி சரியோ தப்போ, எழுபது வயதிலும் அது மனசில் கிடந்திருக்கிறதே.

நம் ஊரில் குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017இல் திருத்தப்பட்டு, குழந்தை நட்சத்திரம் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதம் அதன் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்றெல்லாம் வந்தது. ஆனால் அது 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பதினைந்து, பதினாறு வயதில் கதாநாயகியாக வருகிற பெண் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மூணுபெண்ணுக்கு அப்பா சார், சான்றிதழை நம்பாதீர்கள். ஏ வாங்கினால் படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, விற்பனை அடிபடும். அதனால் யு/ஏ வரைக்கும் எதை வெட்டலாம் என்றுதான் எடிட்டிங்கில் பேச்சு. முதலில் போவது முத்தம். பின்னாலேயே துரத்துகிற பாட்டை யாரும் வெட்டச் சொன்னதாக நான் பார்த்ததில்லை.

காலேஜ்_செகண்ட்இயர் எழுதியது:

எனக்கு பத்தொன்பது வயசு. அம்மாக்கள் அப்பாக்கள் எல்லாம் சினிமாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் கிளாஸில் எட்டாவதிலேயே பையன்கள் போனில் பார்க்கக் கூடாததை எல்லாம் பார்த்துவிட்டார்கள், பார்த்ததைப் பெண்கள் முன்னால் சத்தமாகப் பேசுவார்கள். நீங்கள் தள்ளிவிடுகிற பாட்டுக் காட்சி எங்களுக்கு ஒன்றுமே இல்லை.

ஆனால் டீச்சர் சொன்னதில் ஒன்று என்னைக் குத்தியது. ப்ளஸ் டூவில் எனக்கு ஒருவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும். ஒருநாள் டியூஷன் முடிந்து வரும்போது கையைப் பிடித்தான், வேண்டாம் என்றேன். சிரித்தான். இரண்டாவது தடவை சொன்னேன், "சும்மா நடிக்காத" என்றான். மூன்றாவது தடவை கத்தினேன், ரோட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் விட்டான். அவன் முகத்தில் அவ்வளவு குழப்பம். அவன் கெட்டவன் இல்லை, அப்புறம் வீட்டுக்குப் போய் மெசேஜ் அனுப்பினான், "வேணாம்னா வேணாம்னு எனக்குத் தெரியாது" என்று. இது எப்படித் தெரியாமல் போகும்? ஆனால் நிஜமாகவே தெரியாது அவனுக்கு.

அயர்லாந்துத் தொடர் ஒன்று இருக்கிறது, 'நார்மல் பீப்பிள்', 2020இல் வந்தது. அதில் பள்ளிக்கூடம் படிக்கிற இரண்டு பேர், நடித்தவர்கள் இரண்டு பேருமே இருபது தாண்டியவர்கள். எல்லாரும் அதில் இருக்கும் நெருக்கமான காட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது, அந்தப் பையன் அவளிடம் வேண்டாம் என்றால் எப்ப வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்வதுதான். சாதாரணமாக, தயங்கித் தயங்கிச் சொல்கிறான். அதை பாஸ் செய்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தமிழில் ஒருவன் அதை எப்படிச் சொல்வான் என்று யோசித்தேன், எனக்கு ஒரு வாக்கியம் கூட வரவில்லை.

கருப்புகோட்டு எழுதியது:

மதுரைப் பக்கம் வழக்கறிஞர். போக்சோ, அதாவது 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், அந்த வழக்குகள் நிறைய நடத்தியிருக்கிறேன். திருச்சி சகோதரியின் மகள் கேட்ட கேள்விக்குப் பதில்: அந்தப் படம் வந்த 2004இல் போக்சோ சட்டம் கிடையாது. அது நடைமுறைக்கு வந்தது 2012 நவம்பர் 14. அதற்கு முன் உடலுறவுக்கான சம்மத வயது 16ஆக இருந்தது, போக்சோ 18 ஆக்கியது. அதாவது 18 முடியாத பெண் 'எனக்குச் சம்மதம்தான்' என்று கூண்டில் நின்று சொன்னாலும் சட்டம் அதைக் காதில் வாங்காது.

எங்களிடம் வருகிற வழக்குகளில் ஒரு பங்கு, படத்தில் பார்த்த அதே கதைதான். ஓடிப்போவார்கள், பெண் வீட்டில் புகார், பெரும்பாலும் பையன் வேறு சாதி. பையனுக்கு பத்தொன்பதோ இருபதோ. அவன் ஜெயிலில், அவள் அரசு இல்லத்தில். அவளுக்கு மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம். அப்புறம் இரண்டு மூன்று வருடம் கழித்து விசாரணைக்கு வரும்போது அவளுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும், கணவனுக்குத் தெரியாமல் வந்து நிற்பாள், முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன பிறழ் சாட்சி என்று எழுதி அனுப்புவார்கள். ஒரு பெண் இல்லத்திலிருந்து பெண் காவலரோடு வந்து பத்தாவது பொதுத்தேர்வு எழுதினாள். ஹால் டிக்கெட்டில் அவள் ரெட்டை ஜடையோடு இருக்கிற படம், நேரில் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எந்தப் படத்திலும் இந்தப் பகுதியை நான் பார்த்ததில்லை.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இப்படி ஒரு வழக்கை ரத்து செய்தார், காதலிக்கிற பதின்வயதினரைக் குற்றவாளியாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கம் இல்லை என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது, ஒவ்வொருவரும் நீதிமன்றம் வரை போய்த்தான் அந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, காலேஜ் தங்கை சொன்ன போன் விஷயம். பாலாஜி சக்திவேல் 'காதல்' எடுத்த எட்டு வருடம் கழித்து 2012இல் 'வழக்கு எண் 18/9' எடுத்தார். அதில் ஒரு பணக்காரப் பையன் பள்ளி மாணவியை அவளுக்குத் தெரியாமல் போனில் படம் எடுப்பான். அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு மிகை என்றார்கள் சிலர். இப்போது எங்கள் கோப்புகளில் பாதியில் ஒரு போன் இருக்கிறது. பையன்களைப் பெற்றவர்கள் இதை வீட்டில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஆபாசப் படம் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தால், 'நான் அனுப்பவில்லை, வைத்திருந்தேன்' என்று தப்பிக்க முடியாது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூணுபெண்ணுக்கு_அப்பா எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். பெரியவர் தங்கை விஷயம் மனசைப் பிசைந்துவிட்டது. நான் இன்னமும் மூன்று பெண்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், என்னால் முடியாது, அது என் சுபாவம். ஆனால் பேசலாம் என்றால் எந்த வார்த்தையில் பேசுவது? சம்மதம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சில் தவிர நான் கேட்டதே இல்லை. "பொண்ணுக்குச் சம்மதமா?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், அதையும் பெண்ணிடம் கேட்க மாட்டார்கள், பெரியப்பாவிடம் கேட்பார்கள். பெண் கதவுக்குப் பின்னால் நிற்கும். பேசாமல் நின்றால் சரி என்று அர்த்தம். சொல்ல வந்த பிறகுதான் எனக்கே உறைக்கிறது.

சயின்ஸ்_டீச்சர் எழுதியது:

பெரிய வார்த்தையே வேண்டாம் சார். 'கேட்டானா' போதும். 'நீ கேட்டியா' போதும். விளையாட்டில் அக்கா பென்சிலை எடுத்தால் தங்கச்சி "கேட்டுட்டு எடு" என்று கத்துகிறாள் இல்லையா, அந்த வார்த்தைதான்.

திருச்சிக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. உதவி இயக்குநர் தம்பி, அந்தத் தோள் விஷயத்தைப் படித்த பிறகு எனக்குப் பழைய பாட்டுகளைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

நேற்று ராத்திரி மகளிடம், அன்றைக்குத் தள்ளிவிட்ட பாட்டைப் போடட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள். முழுசாகப் பார்த்தோம். முடிந்ததும், "இதுக்கா தள்ளின?" என்றாள். நான் டீச்சர் சொன்ன கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு பேருமே கேட்கவில்லை, ஆனால் அந்தப் பொண்ணுக்குத்தான் அவனைவிட அதிகம் பிடித்திருந்தது, அதைச் சொல்லவும் அவளுக்குத் தைரியம் இருந்தது, அதனால் அவளைக் கேட்கத் தெரியாதவள் என்று சொல்ல முடியாது என்றாள். இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. வயசு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள், அத்தனை பெரியவர்களில் ஒருவராவது வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கலாம் என்றாள். அப்புறம் அவளே, இவ வீட்டுக்குப் போன் பண்ணா அடிச்சிருப்பாங்களே, வேற யாருக்குப் பண்றது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

தட்டைக் கழுவ வைக்கும்போது, "அப்பா உன்கிட்ட கேட்டாராம்மா?" என்றாள். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பாவிடம்தான் கேட்டார்கள் என்றேன். "நீ எங்க இருந்த?" என்றாள். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன் என்றேன்.

டீச்சர், அந்த சாக்பீஸ் டப்பா மாதிரி வீட்டில் ஒன்று வைத்தால் எழுதுவாளா, இல்லை கையெழுத்து தெரியும் என்று எழுத மாட்டாளா?